பட்டா இல்லாத நிலத்தை நம்பிக் கடன் தருவது யார்? சமூக வளர்ச்சி நிதித் துறையும் அதிலுள்ள வேலைகளும்

ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்களின் கைப்பேசிக்கு வரும் வேலை விளம்பரங்களில் 'சோஷியல் ஃபைனான்ஸ்' (சமூக நிதி), 'இம்பாக்ட் இன்வெஸ்டிங்' (சமூகப் பயனை நாடும் முதலீடு), 'எஃப்பிஓ கிரெடிட்' (உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான கடன்) என்ற சொற்கள் அடிக்கடி தென்படுகின்றன. அதே ஊர்களில்தான் வாரத் தவணை வசூலிக்க வருபவர்களைப் பற்றிய மனத்தாங்கலும் நிலவுகிறது. கடனைக் கட்டாயப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. எனவே, வங்கிகள் ஒதுக்கியவர்களுக்குக் கடனும் முதலீடும் தரும் இந்தச் சமூக வளர்ச்சி நிதித் துறை வட்டிக்கு விடும் தொழிலா, தொண்டு நிறுவன வேலையா, பங்குச் சந்தை சார்ந்த உத்தியோகமா என்று பெற்றோர் குழம்புவது இயல்பே. மூன்றின் சாயலும் இத்துறையில் உண்டு. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் இதில் இறங்கலாமா என்று முடிவு செய்ய முடியும்.

வங்கி எந்த இடத்தில் நின்றுவிடுகிறது

கடன் கேட்டு வருபவரிடம் வங்கி பொதுவாக மூன்றைப் பார்க்கிறது: ஈடாக வைக்கச் சொத்து, பழைய கடன்களைக் கட்டிய வரலாறு, மாதம் தவறாத வருமானம். இம்மூன்றும் இல்லாதவர் நேர்மையானவராகவும் உழைப்பாளியாகவும் இருக்கலாம். ஆனால் வங்கியின் படிவத்தில் அதை எழுதுவதற்கு இடம் கிடையாது.

கூடலூர், பந்தலூர் வட்டங்களை எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை இன்றளவும் முழுமையாகத் தீரவில்லை. அந்த நிலங்களில் தேயிலையும் மிளகும் இஞ்சியும் பயிரிட்டு இரண்டு தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பலவற்றுக்குப் பட்டா இல்லை. செடி கண்முன் நிற்கிறது, இலை மாதந்தோறும் தொழிற்சாலைக்குப் போகிறது, பணமும் வருகிறது. ஆனால் நிலத்தை ஈடாகக் காட்ட முடியாததால் அந்தக் குடும்பம் வங்கியின் கண்ணுக்குப் படுவதில்லை.

இத்தகைய விலக்கலுக்கு எதிராகத்தான் இத்துறை அமெரிக்காவில் உருவெடுத்தது. அங்கு 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த நகரப் பகுதிகளை வரைபடங்களில் சிவப்பு நிறத்தால் குறித்து, அவற்றை ஆபத்தான கடன் பகுதிகள் என்று வகைப்படுத்தினார்கள். தனி மனிதரின் தகுதியைப் பாராமல், அவர் குடியிருந்த தெருவை வைத்தே கடன் மறுக்கப்பட்டது. 1973இல் சிகாகோவில் சவுத் ஷோர் வங்கி இதற்கு மாற்றாகச் செயல்படத் தொடங்கியது. 1977இல் இயற்றப்பட்ட சமூக மறுமுதலீட்டுச் சட்டம், வைப்புத்தொகை திரட்டும் பகுதிகளின் கடன் தேவையையும் வங்கிகள் நிறைவேற்ற வேண்டும் என்றது. 1994இல் சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்களுக்கென்று அரசே ஒரு நிதியத்தை அமைத்தது. 'இம்பாக்ட் இன்வெஸ்டிங்' என்ற பெயர் பிந்தியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 2007இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூட்டிய கூட்டத்தில் அது வழக்குக்கு வந்தது.

இந்தியாவில் வந்த வழி வேறு. 1982இல் விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு நிறுவப்பட்டது. 1992இல் அது 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. சொத்து ஈட்டுக்குப் பதிலாகக் குழுவின் சேமிப்புப் பழக்கத்தையும் கூட்டுப் பொறுப்பையும் வங்கி நம்பிய முதல் பெரிய முயற்சி அது. இதற்கு இணையாக, வங்கிகள் தம் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்கு வழங்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதில் நலிந்த பிரிவினருக்கான உள்ஒதுக்கீடு 12 சதவீதம். ஏழைக் குடும்பங்களுக்கு ஈடின்றிச் சிறுகடன் தரும் நுண்கடன் நிறுவனங்களுக்கு வங்கிகள் பணம் தரும் பின்னணியில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லாப் பணமும் ஒரே பணம் அல்ல

மலைக்கு வந்து சேரும் நிதியை அதன் எதிர்பார்ப்பைக் கொண்டு பிரித்தறிவதே இத்துறையின் அரிச்சுவடி.

1. மானியமும் நன்கொடையும். திருப்பித் தர வேண்டியதில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி தகுதியுள்ள நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் செலவிட வேண்டிய 2 சதவீதம், இவ்வகையைச் சேர்ந்தது.

2. பொறுமைக் கடன். அசல் திரும்ப வேண்டும், ஆனால் வட்டி குறைவாகவும் காலம் நீண்டதாகவும் இருக்கும்.

3. வணிகக் கடன். வங்கியும் வங்கிசாரா நிதி நிறுவனமும் சந்தை வட்டிக்குத் தருவது.

4. பங்கு மூலதனம். தொழில் வளர்ந்தால் முதலீட்டாளரும் வளர்வார், விழுந்தால் அவர் பணமும் போகும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி இயங்கும் மாற்று முதலீட்டு நிதியங்களில் சமூக நோக்குடையவை ஒரு தனிப் பிரிவு.

5. உத்தரவாதம். பணமே கைமாறாது. கடன் வாராமல் போனால் இழப்பின் ஒரு பகுதியை ஏற்கிறேன் என்று ஒருவர் எழுதித் தருவதால், தயங்கி நிற்கும் வங்கி கடன் தர முன்வருகிறது.

சமூகப் பங்குச் சந்தையைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை, ஏனெனில் குழப்பம் இதில்தான் அதிகம். 2019 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு 2022இல் செபி விதிகளால் வடிவம் பெற்ற இந்தச் சந்தையில், லாப நோக்கற்ற நிறுவனங்கள் 'ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல்' என்ற பத்திரத்தை வெளியிடலாம். பெயரில் பத்திரம் என்று இருந்தாலும் வாங்கியவருக்கு வட்டியும் வராது, அசலும் வராது. அது முறைப்படுத்தப்பட்ட, கணக்குக் காட்ட வேண்டிய நன்கொடை. 'பங்குச் சந்தையில் போட்டால் பெருகும்' என்று யாரேனும் இதை விற்க வந்தால், அவர் அறியாமல் பேசுகிறார் அல்லது ஏமாற்றுகிறார்.

தேன் கணக்கு: காலம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த வேலையின் உள்ளடக்கம் விளங்கும். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

கோத்தகிரிப் பக்கத்தில் குறும்பர், இருளர் குடும்பங்கள் உறுப்பினராக உள்ள ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் 5,000 கிலோ மலைத்தேனைக் கிலோ 400 ரூபாய்க்கு வாங்க நினைக்கிறது. பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேனெடுத்து வந்தவருக்கு அன்றே கையில் பணம் தர வேண்டும், தாமதித்தால் அவர் வியாபாரியிடம் போவார். ஆகவே தேவை 20 லட்சம் ரூபாய். வடிகட்டவும் புட்டியில் அடைக்கவும் அனுப்பவும் கிலோவுக்கு 100 ரூபாய் செலவு. விற்பனை விலை 600 ரூபாய். நிறுவனத்துக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் மிஞ்சும். ஆனால் விற்பனை ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகத்தான் நடக்கும்.

ஒரு நிதி நிறுவனம் 14 சதவீத வட்டியில், 12 சம மாதத் தவணைகளில் கட்டும்படி இந்த 20 லட்சத்தைத் தருகிறது என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1.80 லட்சம். முதல் மூன்று தவணைகள், அதாவது சுமார் 5.4 லட்சம், தேன் வாங்கும் பருவத்திலேயே வந்து விழுகின்றன. விற்பனை இன்னும் தொடங்காததால் கடன் பணத்திலிருந்தே கடனைக் கட்ட நேர்கிறது. மிஞ்சும் 14.6 லட்சத்துக்கு 3,650 கிலோதான் வாங்க முடியும். மீதி 1,350 கிலோவைச் சேகரித்த குடும்பங்கள் அதை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகின்றன. நிறுவனம் 1.35 லட்சம் ரூபாய் மிச்சத்தை இழக்கிறது.

அதே கடனை முதல் மூன்று மாதம் வட்டி மட்டும், பின்னர் ஒன்பது மாதம் சமமாக அசல் என்று மாற்றி அமைத்தால், மொத்த வட்டி சுமார் 32,000 ரூபாய் கூடும். ஆயினும் தேன் பருவத்தில் வட்டியாக 70,000 ரூபாய் மட்டுமே போவதால் 4,825 கிலோ வரை வாங்க முடியும். வட்டி வீதம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மாறியது தவணையின் காலம் மட்டுமே. கடன் அதிகாரியின் திறமை என்று நான் கருதுவது இதைத்தான்: பணத்தின் காலத்தைப் பாறைத்தேனின் காலத்தோடும் பச்சைத் தேயிலையின் காலத்தோடும் பொருத்துவது. பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் புதிதாக வைப்பவருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் வரை சொல்லிக்கொள்ளும்படி மகசூல் இராது. அவருக்கு அடுத்த மாதமே தவணை தொடங்கும் கடனைக் கொடுப்பவர், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அவரைக் கந்துவட்டிக்காரரிடம் அனுப்பிவைக்கிறார்.

வட்டியைப் படிக்கத் தெரிவது

ஒரு லட்சம் ரூபாய்க் கடன், '12 சதவீத ஃப்ளாட் வட்டி', 24 மாதம் என்றால், வட்டி 24,000 ரூபாய், மாதத் தவணை 5,167 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் கணக்கிடப்படுவதால், குறையும் நிலுவை முறையில் இதன் உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் கடனின் நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் முதன்மைத் தகவல் அறிக்கையும், அதில் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீத வீதமும் தரப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது. அந்தத் தாளைக் கடன் வாங்குபவரின் மொழியில் அவருக்கு விளக்கிச் சொல்வது களப் பணியாளரின் கடமை.

2010இல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்ததன் தொடர்ச்சியாகவே 2011இல் நுண்கடன் நிறுவனங்களுக்கான தனி வகை உருவாக்கப்பட்டது. 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய கட்டமைப்பில் மூன்று அம்சங்கள் முக்கியமானவை: ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தருவதே நுண்கடன், ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வட்டி உச்சவரம்பு நீக்கப்பட்டு, மிகையான வட்டி கூடாது என்ற பொதுக் கட்டுப்பாடு மட்டும் வைக்கப்பட்டது.

இரண்டாவது விதி நல்ல விதி. ஆனால் மலையில் அதை மட்டும் நம்ப இயலாது. ஒரு சிறு தேயிலை விவசாயக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய் என்றால் மாதச் சராசரி 15,000, தவணை வரம்பு 7,500. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியில் கொழுந்து கருகி, வருமானம் 6,000 ரூபாயாகச் சுருங்கினால், விதிக்கு உட்பட்ட அந்தத் தவணையே குடும்பத்தின் முழு வருமானத்தையும் விழுங்கிவிடும். அப்போதுதான் இரண்டாவது நிறுவனத்தில் கடன் வாங்கி முதல் நிறுவனத்துக்குக் கட்டும் சுழல் தொடங்குகிறது. சராசரியைப் பார்க்காமல் பனிமாதத்தைப் பார்த்துத் தவணை நிர்ணயிக்கும் அதிகாரி வேண்டும். அவர் இந்த மலையில் பிறந்தவராக இருந்தால் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டா இல்லாதவருக்கும் இங்கேதான் வழி பிறக்கிறது. தொழிற்சாலைக்கு இலை கொடுத்த கணக்கு ஒரு வருமானச் சான்று. 1965இல் தொடங்கப்பட்ட இன்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளாயினும், தனியார் தொழிற்சாலையாயினும், மூன்றாண்டு இலைக் கணக்கைப் பார்த்தால் அந்தத் தோட்டம் எந்த மாதத்தில் எவ்வளவு தரும் என்பது தெரிந்துவிடும். நிலத்தின் தாளை விட்டுவிட்டுச் செடியின் கணக்கைப் படித்து, தொழிற்சாலையிலிருந்து வரும் இலைப் பணத்தில் தவணையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு கடன் தருவது சமூக நிதியின் முறைகளில் ஒன்று.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதலீட்டாளர் ஏன் பங்கு வாங்க முடியாது

2002இல் கம்பெனிகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவம் பிறந்தது. கூட்டுறவின் ஜனநாயகமும் கம்பெனியின் செயல் சுதந்திரமும் ஒன்றுசேர வேண்டும் என்பது நோக்கம். குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கலாம். தனிநபர்களாலான நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். உற்பத்தியாளர் அல்லாதவர் உறுப்பினராக முடியாது. 2013இல் கோத்தகிரியில் உருவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இவ்வடிவத்தில் இயங்கும் அமைப்பு. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசை அது 2021இல் பெற்றது.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் உண்டு. நகரத்து முதலீட்டு நிதியம் வந்து, 'ஒரு கோடி தருகிறோம், 20 சதவீதப் பங்கு தாருங்கள்' என்று கேட்டால், சட்டப்படி தர இயலாது. ஆகவே அந்நிறுவனங்களின் வளர்ச்சி, உறுப்பினர்களின் சிறு பங்குத் தொகையையும் கடனையும் மானியத்தையும் சார்ந்தே நிற்கிறது. 2020இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, அமைப்புக்கு 15 லட்சம் ரூபாய் வரை இணைப் பங்கு மானியமும், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத வசதியும் அதில் உண்டு. சமவெளியில் 300 உறுப்பினர் தேவை என்றால் மலைப்பகுதிக்கு 100 போதும். நபார்டின் துணை நிறுவனமான நாப்கிசான், 2014இல் சென்னையில் தொடங்கிய சமுன்னதி போன்றவை இவ்வமைப்புகளுக்குக் கடன் தருகின்றன.

வெளியார் பங்கு வாங்க முடியாமல் இருப்பது நல்லதே என்பது என் கருத்து. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் தேனும் மிளகும் யாருக்குச் சொந்தம் என்பது ஒருநாளும் மாறாது.

பயனை எப்படி அளப்பது

'10,000 பெண்களுக்குக் கடன் கொடுத்தோம்' என்பது செயல், பயன் அல்ல. உலக அளவில் ஏற்கப்பட்டுள்ள முறை ஐந்து கேள்விகளைக் கேட்கிறது: என்ன மாறியது, யாருக்கு மாறியது, எவ்வளவு மாறியது, இந்தப் பணம் வராதிருந்தால் அது நடந்திருக்காதா, எதிர்பார்த்த பயன் கிட்டாமல் போகும் அபாயம் என்ன. நான்காம் கேள்விதான் கடினமானது. பச்சைத் தேயிலை விலை சந்தையில் உயர்ந்ததால் கூடிய வருமானத்தைத் தன் கடனின் சாதனையாக எழுதும் அறிக்கைகள் இந்தக் கேள்வியில் தோற்றுவிடும்.

என்னென்ன வேலைகள்

களத்திலிருந்து மேல்நோக்கிச் சொன்னால் இவ்வாறு அமையும்.

1. நுண்கடன் நிறுவனத்தின் களப் பணியாளர். பட்டப்படிப்புகூடத் தேவைப்படாத இடங்கள் உண்டு. அலைச்சல் மிகுதி, வசூல் இலக்கின் அழுத்தமும் மிகுதி. பலர் ஓரிரு ஆண்டில் விலகிவிடுகிறார்கள்.

2. உற்பத்தியாளர் அமைப்பின் முதன்மைச் செயல் அலுவலர் அல்லது கணக்காளர். மேற்சொன்ன மத்திய திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, சம்பளம் அதிலிருந்தே வருகிறது. நான்காம் ஆண்டு முதல் நிறுவனம் தன் வருவாயிலிருந்து தர வேண்டும். சேர்பவர் அந்த நான்காம் ஆண்டைப் பற்றி முதல் நாளே யோசிக்க வேண்டும்.

3. கடன் மதிப்பீட்டாளர். தேன் கணக்கில் பார்த்த வேலையை நாள்தோறும் செய்பவர். வணிகவியல் படித்த மலை இளைஞருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதுதான்.

4. முதலீட்டு நிதியத்தின் ஆய்வாளர். இடங்கள் குறைவு, பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, மும்பையில். மேலாண்மைப் பட்டமோ பட்டயக் கணக்காளர் தகுதியோ எதிர்பார்ப்பார்கள்.

5. அரசு சார்ந்த பணிகள். நபார்டின் கிரேடு ஏ தேர்வு, மாநில ஊரக வாழ்வாதார இயக்கப் பணிகள், கூட்டுறவுத் துறைத் தேர்வுகள்.

படிப்பைப் பொறுத்தவரை, குஜராத்தில் 1979இல் தொடங்கிய ஆனந்த் ஊரக மேலாண்மை நிறுவனம் நாடறிந்தது. பழனி மலையை அண்டிய திண்டுக்கல் மாவட்டத்திலேயே காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956 முதல் இருக்கிறது. உதகை அரசு கலைக் கல்லூரியில் வணிகவியலோ பொருளியலோ படித்துவிட்டு, ஓராண்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ உற்பத்தியாளர் அமைப்பிலோ உட்கார்ந்து பேரேடு எழுதிப் பழகியவரும் இத்துறைக்குள் நுழையலாம். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கும் திறனும், எக்செல்லில் மாதவாரிப் பண ஓட்டத்தை எழுதிப் பார்க்கும் பழக்கமும் கட்டாயம். இம்மலையில் பேசப்படும் படுகு, பணியா, காட்டுநாயக்கர் மொழிகளில் ஒன்றைப் பேசத் தெரிந்திருப்பது எந்தச் சான்றிதழும் தர முடியாத தகுதி.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நேர்காணலின் முடிவில், 'உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா' என்று கேட்பார்கள். அப்போது மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நிறுவனத்தின் பணம் எங்கிருந்து, எத்தனை ஆண்டுக்கு, என்ன வட்டிக்கு வருகிறது? இரண்டு ஆண்டில் திரும்பக் கட்ட வேண்டிய பணத்தைக் கடன் வாங்கி வைத்திருக்கும் நிறுவனம், நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டிய காப்பித் தோட்டத்துக்கு மனம் இருந்தாலும் கடன் தர முடியாது.

இரண்டாவது, உங்கள் சம்பளத்தில் எவ்வளவு பங்கு வசூல் சதவீதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது? ஊக்கத்தொகை முழுவதும் வசூலை நம்பியிருந்தால், பனியில் தேயிலை கருகிய வீட்டின் வாசலில் மாலை ஏழு மணிக்கு நிற்கப்போவது நீங்கள்தான்.

மூன்றாவது, கடன் வாராமல் போனால் அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது? முதல் இழப்பை ஏற்க ஒரு நன்கொடையாளரோ உத்தரவாத நிதியமோ இருக்கிறதா, நிறுவனம் தன் மூலதனத்தில் தாங்குகிறதா, அல்லது கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்கிய ஐவர் குழுவிலுள்ள மற்ற நான்கு பெண்கள் தம் கூலியிலிருந்து கட்ட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எண்ணோடும் எழுத்தோடும் பதில் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 'எங்களிடம் இழப்பே இல்லை, 100 சதவீத வசூல்' என்ற பதில் வந்தால், அந்த நூறில் எத்தனை சதவீதம் வேறோர் இடத்தில் கடன் வாங்கிக் கட்டப்பட்டது என்று கேளுங்கள்.